வாங்கில் இருந்த கீப்பர்

கிரான்
2023.03.12

அன்பு மருமகள் யசோதினி அறிய,

இங்கே மாமியும் நானும் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். மாமியின் முழங்கால்தான் சொல்வழி கேட்பதில்லையாம். நாற்பது வருடமாக நானும் கேட்டதில்லை. என்னை விட்டுவிட்டு இப்போது முழங்காலைத் திட்டுகிறாள். எனக்குக் கொஞ்சம் ஓய்வு.

நீ அனுப்பிய உறை கிடைத்தது. "போனில வேணா, எழுதுங்க மாமா" என்று நீ சொன்னது நல்ல யோசனை. டிலக்சன் போன பிறகு நாம் போனில் பேசிய பேச்சுத்தான் என்ன? நீ "மாமா" என்பாய். நான் "மகள்" என்பேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்போம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எங்கேயாவது மை கரைந்திருந்தால் மழைத் துளி என்று நினைத்துக்கொள்.

உள்ளே இருந்த பேஸ்போல் வீரர் அட்டைகளைப் பார்த்தேன். இரட்டிப்பாக வந்ததை எல்லாம் அவன் எனக்கு அனுப்புவான். அதை நீயும் விடாமல் செய்கிறாய். பேஸ்போல் என்ற விளையாட்டை நான் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. அட்டையில் படித்ததுதான் என் அறிவு. கிணற்றைப் பார்க்காமல் நீச்சல் பழகினவன் நான்.

முதன்முதல் அவன் அனுப்பிய அட்டை ஞாபகம் இருக்கிறதா? மங்கின நிறம், சொரசொரத்த தடித்த மட்டை, சுற்றிவர வெள்ளைக் கரை. நடுவில் மீசைக்காரன் ஒருவன் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். கீழே பெயர், பின்னால் பிறந்த திகதி. நம் ஊரில் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு அட்டை வேறு எப்படி இருக்கும்? மாமி வாங்கிப் பார்த்தாள். "ஆரோ பாவம், நம்மட பொடியனோட வேலை செஞ்ச வெள்ளைக்காரனாக்கும்" என்று சாமியறையில் வைத்துச் செம்பரத்தம் பூவும் வைத்து விளக்கையும் கொளுத்திவிட்டாள். நானும் பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு நின்றேன். வீட்டில் படித்தவன் நான்தானே! ஓ.எல். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கணக்கில் கவிழ்ந்தவன்.

துக்கம் விசாரிக்க டிலக்சனுக்குப் போன் எடுத்தால் அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அப்பா, அவன் உயிரோட இரிக்கான்! என்னை விட இளந்தாரி. அட்டையைத்தான் பழைய காலத்து மாதிரி அடிக்கிறானுகள்" என்றான். அந்தக் கிழமை மீசைக்காரன் பந்தை வேலிக்கு வெளியே அடித்துத் தள்ளினானாம். "அம்மாட பூசை வேலை செய்யுது. நிப்பாட்ட வேணாம் எண்டு சொல்லுங்க" என்று மறுபடி போன் எடுத்தான்.

இப்போதும் மீசைக்காரன் சாமியறையில்தான் இருக்கிறான். பக்கத்தில் என் மகன். மாமி இரண்டு பேருக்கும் பூ வைக்கிறாள்.

நீ அல்பத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். அவன் கடைசியாகச் சேர்த்துக்கொண்டிருந்த செட் அதுதானே? ஓர் உறை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அது யாருடைய இடம்?

களுதாவளைக்குப் போய் உன் வீட்டைத் திறந்து கூட்டிவிட்டு வந்தேன். தென்னை காய்க்கிறது. ஓட்டில் அணில் குடியிருக்கிறது. வாடகை கேட்டேன், தரவில்லை.

உன் மாமா
சாமித்தம்பி


டொரன்டோ
2023.04.20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் வைத்து வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி இருந்தாள். நான் சிரித்து எவ்வளவோ காலம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வெறும் இடம் இரண்டாவது கீப்பருடையது மாமா. அடிக்கிறவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிறவரை மச்சான் கிரிக்கெட் மாதிரிக் கீப்பர் என்றுதான் சொல்வார். முதல் கீப்பருக்குக் காயம் என்றால்தான் அவரை இறக்குவார்கள். மற்ற நாட்களில் வெளியே வாங்கில் குந்தியிருந்து கைதட்டுவதுதான் அவருடைய வேலை. விலை கூடின அட்டை இல்லை. "நல்லா விளையாடுறவனுகளை எல்லாரும் கவனமா வைச்சிருப்பாங்க. இவனை ஆரும் வைக்கமாட்டாங்க. அதுதான் இவன் கிடைக்கிறான் இல்ல" என்று மச்சான் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது ஒரு பக்கற் வாங்கி வருவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியில் தெரியாது. சாப்பாட்டு மேசையில் வைத்து என்னைத்தான் பிரிக்கச் சொல்வார். எனக்குக் கைராசி என்று நம்பினார். போன வருடம் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமையும் கடைக்குப் போய்விட்டுத்தான் பெருந்தெருவில் ஏறினார். பனியில் லொறி சறுக்கிய இடத்தில் பொலிஸ் எடுத்துத் தந்த சாமான்களுக்குள் ஒரு பக்கற் இருந்தது. நான் இந்தப் பெப்ரவரியில்தான் பிரித்தேன். அதற்குள்ளும் கீப்பர் இல்லை. எல்லாம் இரட்டிப்பு. அவற்றைத்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

நான் முதியோர் இல்ல வேலைக்குப் போகிறேன், வருகிறேன். வேறு புதினம் இல்லை. மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

அன்புடன்
யசோதினி


கிரான்
2023.06.04

அன்பு மகள்,

எனக்கு ஒரே பெருமை. கடைசியில் என்னைப் போல ஒருவனுக்கும் அட்டை அடித்திருக்கிறார்கள்! களுதாவளையில் இருந்த காலம் எங்கள் கிரிக்கெட் கழகத்தில் நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர்ப் போத்தல் என் பொறுப்பு. ஒருவனுக்கு வயிற்றோட்டம் என்று ஒரே ஒரு தரம் என்னை இறக்கினார்கள். முதல் பந்திலேயே திரும்பி வந்து போத்தலைப் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கற் பற்றி நீ எழுதியதை மாமிக்கு வாசிக்கவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பிரிக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் எப்படி வைத்திருந்தாய்?

இரண்டாவது கீப்பரை நாம் விடக்கூடாது மகள். மற்றவர்கள் எல்லாரும் வந்து தங்கள் தங்கள் இடத்தில் இருக்கிறார்கள். அவன் ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் என் மகனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் தொடங்கியதை நாம் முடித்துவைக்க வேண்டும். அவனுக்கு நான் வேறு என்ன செய்யலாம், சொல்? விசாவும் கிடைக்காமல், மகனின் காரியத்தைப் போனில் பார்த்த தகப்பன் நான்.

அந்தக் கடையில் சனிக்கிழமைகளில் அட்டை மாற்றுகிறவர்கள் கூடுவார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். போ மகள். வேலையும் வீடுமாகக் கிடக்காதே. நாலு பேரிடம் கேள். உனக்காகப் போகமாட்டாய், எனக்குத் தெரியும். எனக்காகப் போ.

களுதாவளைப் பிள்ளையாருக்கு ஆனித் திருவிழா வருகிறது. நம் குடியின் பங்குக்கு நான் போய் நிற்பேன். குடி தாய் வழியில் வருவதால் நீயும் நானும் ஒரே குடி. என் மகன் மாமியின் குடி, அவன் தாய் வழி. கோயில் கணக்கில் நீதான் என் ஆள், அவன் மாமியின் ஆள். உன் அம்மா கண்ணகை கண்ணை மூடுகிறபோது என் கையைப் பிடித்து, "அண்ணன், என்ட புள்ளைக்கு இனி நீங்கதான்" என்றாள். தாய்மாமன் வாய் திறந்து "தந்தேன்" என்று சொல்லாமல் நம் ஆட்களிடம் ஒரு பெண் கலியாணத்துக்கு இறங்கமாட்டாள். நான் சொன்னேன். யாரிடம்? மாப்பிள்ளையின் தகப்பனான என்னிடமே! பெண்ணைக் கொடுத்ததும் நான், வாங்கினதும் நான். சீதனப் பேச்சு நடந்திருந்தால் எனக்கும் எனக்கும் அடிபாடு வந்திருக்கும்.

கடைக்குப் போனதும் எழுது.

உன் மாமா
சாமித்தம்பி


டொரன்டோ
2023.09.17

அன்புள்ள மாமாவுக்கு,

போனேன். முதல் சனிக்கிழமை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். மச்சான் நிற்கிற மாதிரியே எல்லாரும் குனிந்து நின்று பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனி உள்ளே போனேன். "எங்கள் அணியின் இரண்டாவது கீப்பர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அவனுடைய தாயே அதை வைத்திருக்கமாட்டாள்" என்றார் பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர்.

வெளியே வந்து களுதாவளையில் இருக்கிற என் சிநேகிதி பிரஷாந்திக்குப் போன் எடுத்து, "கிடைக்கல்லகா. என்னைப் பகிடி பண்ணுறானுகள்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர், "நீங்க மட்டக்களப்பா?" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். "இந்த ஊரில 'கா' போட்டுப் பேசுற குரல் கேட்டு எவ்வளவு காலம்" என்றார். பெயர் கோகுலராஜ். வாகரைப் பக்கம். குளிரூட்டி திருத்துகிற வேலை. வந்த புதிதில் பேச யாரும் இல்லாமல் அட்டை சேர்க்கத் தொடங்கினாராம். அட்டையின் பின்பக்கத்தை வாசித்துத்தான் இங்கிலீஷ் பழகினாராம். அதனால் ஆட்களோடு பேசினாலும் முதலில் பிறந்த ஊர், உயரம், நிறை என்றுதான் வாயில் வரும் என்கிறார்.

மச்சானை அவருக்குத் தெரியும் மாமா. இரண்டு பேரும் அட்டை மாற்றியிருக்கிறார்கள். "டிலக்சன் வந்தா கடையே சிரிக்கும்" என்றார். எனக்கு அது தெரியாது. வீட்டில் அவர் அமைதியானவர்.

பழைய பெட்டிகளில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாமியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
யசோதினி


கிரான்
2023.12.10

அன்பு மகள்,

கிரானில் இப்போது கரை எது, ஆறு எது என்று மாட்டுக்குக்கூடத் தெரியவில்லை. வயல் வட்டைக்குப் போகிற பாதையில் போட் ஓடுகிறது. விதைத்த வெள்ளாமை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. இந்த முறை அரிசி வேண்டாம், மீனுக்கு மானியம் கேட்போம் என்று கமக்காரர் கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என்னை வெளியே இருத்திவிட்டார்கள்.

தபால் நின்று போய் உன் கடிதம் பிந்தித்தான் வந்தது. என் மகன் கடையைச் சிரிக்க வைத்தவன் என்று எனக்கும் தெரியாது. இங்கே இருந்த காலத்தில் நான் பகிடி விட்டால் "அப்பா, போதும்" என்று எழும்பிப் போகிறவன். அந்த வரியை மாமிக்குத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "உங்கட வாய்தான் அவனுக்கும் வந்திரிக்கி, சனியன் புடிச்ச வாய்" என்று திட்டினாள். அவள் இவ்வளவு சந்தோசமாகத் திட்டி நான் கேட்டு வருடக்கணக்கு.

அந்தப் பொடியனிடம் இன்னும் கேள் மகள். என் மகன் என்னென்ன பகிடி விட்டான், என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு வருவான், தேத்தண்ணி குடிப்பானா, எங்களைப் பற்றி ஏதும் கதைப்பானா? எல்லாம் கேட்டு எழுது. செத்துப்போன பிறகு மகனைப் பற்றிப் புதுப் புதினம் எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும்?

மாமிக்குப் புத்தி எங்கே போகிறது பார். "அந்த வாகரைப் பொடியன் கலியாணம் முடிச்சவனா?" என்று கேட்டாள். "அட்டை தேடுறவனிட்ட என்னத்துக்குச் சாதகம் கேட்கிற?" என்று நான் ஏசிவிட்டேன்.

கீப்பர் இன்னும் ஆப்பிடவில்லையா?

உன் மாமா
சாமித்தம்பி


டொரன்டோ
2024.02.11

அன்புள்ள மாமாவுக்கு,

மச்சானின் இரண்டாவது ஆண்டுத் திவசம் கோயிலில் செய்தேன். மாமிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கேட்கச் சொன்னதை எல்லாம் கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை பூட்டிய பிறகு பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்து பேசினோம். மச்சான் தேத்தண்ணிதான் குடிப்பாராம், மூன்று கரண்டி சீனி. வீட்டில் எனக்குப் பயந்து ஒன்று. மீசைக்காரனின் அட்டைக்கு நல்ல விலை வந்த காலத்தில் எல்லாரும், "உன்னிடம் இன்னொன்று இருக்குத்தானே, வித்துவிடு" என்றார்களாம். "அது எங்கட அம்மாட சாமியறையில இரிக்கி. கோயில் சொத்து, விக்க ஏலாது" என்று மச்சான் சொன்னாராம். இன்றைக்கும் அந்த வீரரைக் கடையில் எல்லாரும் சாமி என்றுதான் சொல்கிறார்கள்.

கீப்பர் கிடைத்துவிட்டார் மாமா. எந்தப் பெட்டியிலும் இல்லை. கோகுலராஜ் தன்னுடைய செட்டில் இருந்து உருவித் தந்தார். அவருடைய செட் நிரம்பியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். "எனக்கு ஒரு இடம் வெறுமையா இரிந்தாப் பரவாயில்ல" என்றார்.

இங்கே இந்த முறை பனி குறைவு. போன வருடம் இந்த நேரம் வாசல் எல்லாம் மூடிக் கிடந்தது. இந்த வருடம் வெயில்கூட எறிக்கிறது. நேற்றுக் கையுறை போடாமலே போனேன். ஏரியும் இன்னும் உறையவில்லை. மரங்களும் சீக்கிரம் துளிர்க்கும் என்று சொல்கிறார்கள்.

அன்புடன்
யசோதினி


கிரான்
2024.03.10

மகள்,

கீப்பர் வந்த செய்தி கிடைத்தது.

இந்தக் கடிதத்தில் பகிடி இராது. இருந்தால் கை தவறி விழுந்தது.

அட்டை சேர்க்கிறவர்களின் குணத்தை என் மகனிடம் கொஞ்சம் படித்திருக்கிறேன். இரட்டிப்பை யாரும் கொடுப்பார்கள். பெற்ற தகப்பனான எனக்கே அவன் தந்தது இரட்டிப்புத்தான். நிரம்பின செட்டில் கை வைக்க அவன் யாரையும் விட்டதில்லை. அதை ஒருவன் தானாக உடைத்து ஒன்றை உருவிக் கொடுக்கிறான் என்றால் அவன் கொடுத்தது அட்டை இல்லை. உனக்கும் இது தெரியும். தெரிந்தபடியால்தான் அதை எழுதிவிட்டு, பனியையும் வெயிலையும் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய்.

அவர் உன்னைக் கேட்டாரா? நீ என்ன சொன்னாய்?

மாமிக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை. தப்பின வெள்ளாமைக்கு வெட்டு நேரம், கண்ணாடியை வட்டையில் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சாமித்தம்பி


டொரன்டோ
2024.04.07

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டார். "என்ட தாய்மாமன்தான் சொல்லவேணும்" என்றேன். "அப்ப நான் அவரிட்டப் பேசட்டா?" என்றார். "அவர் டிலக்சன்ட அப்பா" என்றேன். கோகுலராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு, "எனக்காக ஒண்டும் கேட்க வேணாம். அந்த மனிசனிட்ட இதைக் கேட்கிறது பாவம்" என்றார்.

உங்களிடம் ஒன்றை மறைக்க ஏலாது. நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்கத்தான் போனேன். ஒவ்வொரு சனியும் மச்சானைப் பற்றித்தான் பேசினோம். பிறகு ஒரு நாள் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அதற்குப் பிறகும் போனேன் மாமா.

அல்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். செட் நிரம்பியிருக்கிறது. அது இனி உங்களிடம் இருப்பதுதான் சரி என்று பட்டது.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கோபத்தில் சொல்லவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை. நீங்கள் கொடுக்காமல் நான் எந்த வாசலில் போய் இறங்க?

உங்கள்
யசோதினி


கிரான்
2024.06.02

அன்பு மகள் யசோதினிக்கு,

அல்பம் மூலை மடியாமல் வந்து சேர்ந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பாரமா இரிக்கி. என்ன அண்ணன், கனடாத் தங்கமா?" என்றார். "ஓம், மட்டையில செஞ்ச தங்கம்" என்றேன். அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். உள்ளே கொண்டு போனால் மாமிக்குச் சொல்லவேண்டி வருமே.

மாமி இந்த அட்டைகளை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அவளுக்கு மீசைக்காரன் ஒருவன் போதும். அன்றைக்குக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள். மெல்ல மெல்ல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பக்கம் முடிய மறுபடி முன்னுக்கு வந்தாள்.

"என்ன தேடுற?" என்றேன்.

"எல்லாரும் இரிக்கானுகள். நம்மட மகனைக் காணல்லயே" என்றாள்.

எனக்கு எதற்கும் வாயில் ஒரு பகிடி வரும். அன்றைக்கு வரவில்லை மகள்.

"அவள் ஏன் இதை அனுப்பினவள்?" என்று கேட்டாள். சொன்னேன். உன் கடிதங்களை மறைத்து வைத்த இடத்தில் இருந்து எடுத்து, பனியும் வெயிலும் உட்பட எல்லாவற்றையும் வாசித்தேன். அவள் எழும்பிப் போய்க் கோழிகளை அடைத்தாள். அடைத்த கோழிகளை மறுபடி திறந்துவிட்டாள். நல்ல பகல் நேரம், கோழிகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வந்து சொன்னாள்.

"அவள் உங்கட குடிப் புள்ள. நீங்க குடுக்கத்தான் வேணும். உங்கட தங்கச்சிக்குச் சொன்ன சொல் அது. ஆனா என்னைக் கேட்க வேணா. என்ட புள்ளைட பொஞ்சாதியை நான் இன்னொருத்தனுக்குக் குடுக்க ஏலாது."

அவள் சொன்னதில் எது பிழை? நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிழை இல்லை. கோபித்துக்கொள்ளாதே. உன்னை அவள் ஏசவில்லை. உன் பெயரை இப்போது சொல்கிறாள் இல்லை, அவ்வளவுதான்.

நான் களுதாவளைக்குப் போனேன். நீ என் முன்னால் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் இல்லை, வெற்றிலைத் தட்டும் இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். "தந்தேன்" என்று வரவில்லை. மகனைக் கூப்பிடுகிற மாதிரி "மனே" என்று வந்துவிட்டது. பெரிய சத்தமாக. பூ விற்கிற மனிசி எழும்பி ஓடி வந்து, "என்ன அண்ணன், தலையைச் சுத்துதா?" என்று கேட்டு ஒரு சோடா உடைத்துத் தந்தாள். வெளியே மரத்துக்குக் கீழே இருந்து குடித்தேன். காசு கொடுத்தால் வாங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்ச் சொன்னேன்.

என் தங்கச்சி கண்ணகையின் மகள் யசோதினியை, வாகரைக் கோகுலராஜுக்கு, தாய்மாமன் சாமித்தம்பி மனம் ஒத்துத் தந்தேன். வாயால் சொன்னதை இங்கே எழுத்திலும் தருகிறேன். யார் கேட்டாலும் காட்டு.

அந்தப் பிள்ளையிடம் சொல், அவர் கேட்காமல் விட நினைத்தது எனக்குப் பெரிய காரியம். பாவம் பார்க்கிறவனிடம்தான் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று என் மனதுக்கு ஒரு ஆறுதல்.

களுதாவளை வீடு உன் அம்மா உனக்குத் தந்தது. ஊருக்கு வருகிறபோது இரண்டு பேரும் அங்கே வந்து இறங்குங்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இறங்கவேண்டும். கிரானுக்கு வரவேண்டாம் மகள். மாமி கதவைத் திறப்பாள், தேத்தண்ணியும் போடுவாள். அவளை அதைச் செய்ய வைக்காதே. சாவியைப் பிரஷாந்தியிடம் கொடுத்துவிட்டேன். இனி அவள் கூட்டுவாள்.

கடிதத்தோடு கீப்பரையும் வைத்திருக்கிறேன். அல்பத்தில் இருந்து நான்தான் உருவினேன். அதைக் கோகுலராஜின் செட்டில் அவன் இருந்த இடத்திலேயே வை. புது மாப்பிள்ளையின் வீட்டில் வெறுமையாக ஒரு இடம் கிடக்கக்கூடாது. என் மகனின் செட் அவன் விட்டுப் போன மாதிரியே இருக்கட்டும். அவன் படத்தை அந்த இடத்தில் வைக்கச் சொல்லி நீ எழுதப்போகிறாய் என்று தெரியும். வைத்துப் பார்த்தேன். அளவு வேறு.

கடைசியாக ஒன்று. பிறகு நிறுத்துகிறேன். கலியாணம் முடித்த பெண்ணுக்குத் தாய்மாமன் கடிதம் போடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. செத்துப்போன புருசனின் தகப்பன் போடக்கூடாது. போட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் அவனும் வந்து உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பான். எனக்குள் இருக்கிற இந்த இரண்டு பேரையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தாய்மாமனாக எழுதுவோம் என்றுதான் பேனையை எடுக்கிறேன், தகப்பன்தான் வந்து குந்துகிறான். இந்தக் கடிதத்தையே பார். எத்தனை தரம் என் மகனின் பெயரைச் சொல்லாமல் விழுங்கினேன் என்று உனக்குத் தெரியாது.

சந்தோசமாக இரு. மூன்று கரண்டி சீனி கேட்டால் போட்டுக் கொடு.

இதற்குப் பதில் எழுதாதே மகள். நீ எழுதினால் நானும் எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கண்ணகையின் அண்ணன்
சாமித்தம்பி